ஆடிப்பூரத்தன்று வெடித்த டயர்

வன்னியம்பட்டி
3.8.2025

சீனிக்கு,

இது காசிராஜன் எழுதுவது. வேறு யாரையும் வைத்து எழுதவில்லை. என் கையால் நானே எழுதுகிறேன். காலையில் காப்பி குடித்துவிட்டு உட்கார்ந்தேன். இப்போது வெயில் முற்றத்தைத் தாண்டிவிட்டது. இந்த வரி வரைக்கும்தான் வந்திருக்கிறேன். இருந்தாலும் கையை எடுக்க மனசு வரவில்லை.

நான் போன் செய்தால் நீ எடுப்பதில்லை. உன் தங்கை வெங்கடேஸ்வரி எடுத்து, "அக்கா பேச மாட்டேங்கா அத்தான். ஒங்க கொரலைக் கேட்டாலே வயித்தைப் பெரட்டுதாம்" என்றாள். குரல்தானே கூடாது? எழுத்துக்கு வாயும் இல்லை, வாடையும் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

முதியோர் வகுப்பில் பரீட்சை தேறியதிலிருந்து அரிசிப் பை, பஸ் போர்டு, மருந்துக் கடைப் பலகை என்று எல்லாவற்றையும் வாசித்துக்கொண்டு திரிகிறேன். எழுதுவதற்குத்தான் ஆள் இல்லாமல் இருந்தது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு உனக்கு என்ன எழுத முடியும்? இப்போது நீ ராஜபாளையத்தில் இருக்கிறாய். நல்லதாகப் போயிற்று.

வீட்டைக் கழுவிவிட்டேன். சுவரில் தெறித்தது மட்டும் போகவில்லை. மேலே பொருக்காகக் காய்ந்திருக்கிறது. சுரண்டினால் உள்ளே ஈரமாக இருக்கிறது. எறும்பு வரிசையாக வந்தது. பக்கத்தில் போய் மோந்து பார்த்தது. அப்படியே திரும்பிப் போய்விட்டது. எறும்பே வேண்டாம் என்று சொல்கிற ஒன்றை நான் காய்ச்சியிருக்கிறேன். எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

வெடித்த டயரைத் தூக்கி எறிந்துவிட்டேன். அந்தக் கஞ்சி இனிக் கிடையாது. டியூப் இல்லாமல் ஓடுவதற்கென்றே செய்த டயர் இருக்கிறதாம். அதை வாங்கப்போகிறேன். நம் மூத்த மகன் ஜெர்மனிக்குப் போகும்போது விட்டுப்போன சைக்கிளைச் சும்மா போட்டுவைக்க மனசில்லை.

கை வலிக்கிறது. நல்ல வலி.

காசிராஜன்


ராஜபாளையம்
8.8.2025

வன்னியம்பட்டியில் இருப்பவருக்கு,

கடிதம் கிடைத்தது. நலம் விசாரித்து ஆரம்பிப்பதுதான் முறை. எனக்கு இங்கே நலமும் இல்லை, உங்கள் நலத்தை அறிய ஆவலும் இல்லை.

"நல்லதாகப் போயிற்று" என்று எழுதியிருக்கிறீர்கள். கட்டிய பெண்டாட்டி கோபித்துக்கொண்டு தங்கை வீட்டில் வந்து கிடப்பது உங்களுக்கு நல்லதாகப் போயிற்றா?

வீட்டைக் கழுவினேன், எறும்பு மோந்தது என்று யார் வீட்டுக் கதையையோ போல எழுதுகிறீர்கள். என்ன நடந்தது என்று நான் எழுதுகிறேன், வாசியுங்கள். இப்போதுதான் வாசிக்கத் தெரியுமே.

மில்லில் சைசிங் பிரிவில் பாவு நூலுக்குக் கஞ்சி காய்ச்சியே காலம் கழித்தவர் நீங்கள். அதனால் உலகத்தில் எந்த ஓட்டையையும் கஞ்சியால் அடைத்துவிடலாம் என்று ஒரு நினைப்பு. டியூப் இல்லாத டயருக்குள் ஓட்டை அடைக்க ஊற்றுகிற பாலை யாரோ காட்டினார்கள். "ஏட்டி, இது நம்ம சைசிங் கஞ்சிதான். இதைப் போயி சீசால அடைச்சு விக்கான்" என்றீர்கள். புளியங்கொட்டை மாவையும் ஜவ்வரிசியையும் போட்டுக் காய்ச்சினீர்கள். எதில் காய்ச்சினீர்கள்? எங்கம்மா எனக்குக் கொடுத்த வெண்கலப் பானையில். பொங்கல் பானையில்.

அதைப் பழைய டயருக்குள் ஊற்றிக் காற்றடித்து, சக்கரத்தை நடு வீட்டில் சாமி படத்துக்குப் பக்கத்து ஆணியில் மாட்டினீர்கள். வெளியே வைத்தால் வெயிலுக்குக் கெட்டுவிடுமாம். ஆடி மாசத்துப் புழுக்கத்தில் அது வீட்டுக்குள்ளேயே கெட்டது.

தேரன்று அரக்குப் பட்டு உடுத்தி, தலை நிறையப் பூ வைத்து, ஆண்டாளின் வடத்தைத் தொடப் புறப்பட்டேன். விளக்கைக் குளிர வைக்கக் குனிந்தேன். படார் என்றது. முகத்தில், பூவில், பட்டில், வாய்க்குள்ளும் வந்து விழுந்தது. பழைய சோற்றுத் தண்ணீரில் செத்த தவளையை ஊறவைத்தால் அந்த ருசி வரும். தேருக்குப் போய்க்கொண்டிருந்த சனம் வாசலில் நின்று மூக்கைப் பிடித்தது.

இதையெல்லாம்கூடப் பொறுத்திருப்பேன். கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தால், நீங்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறீர்கள். நான் நாலு தடவை தலைக்கு ஊற்றியும் வாடை போகவில்லை. அந்த நேரம் முழுக்க உங்கள் சிரிப்புச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. தேர் நிலைக்கு வந்துவிட்டது. எனக்கு நினைவு தெரிந்து நான் வடம் தொடாத ஆடிப்பூரம் இதுதான்.

எனக்கு எழுத வேண்டாம்.

வரி கோணாமல் எழுதியிருக்கிறீர்கள். அதையும் சொல்லிவிடுகிறேன்.

சீனியம்மாள்


வன்னியம்பட்டி
15.8.2025

சீனிக்கு,

உன் கடிதம் வந்தது. தபால்காரர் என்னிடம் கொடுத்துவிட்டு, "வாசிச்சுக் காட்டட்டா?" என்று கேட்டார். "வேண்டாம், வீட்டுச் சமாச்சாரம்" என்றேன். அப்படிச் சொல்ல எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? அப்புறம் உள்ளே போய் வாசித்தேன். எல்லாம் திட்டு. இருந்தாலும் ஒரு வார்த்தைகூட விடவில்லை.

நான் சிரித்தது உண்மை. ஆனால் நீ நினைக்கிற காரணத்துக்காக இல்லை. என்னைத் திட்டுவதற்காக வாயைத் திறந்தாய். வாயிலிருந்து ஒரு குமிழி வந்தது. அது பெரிதாகிப் பெரிதாகி உடைந்தது. அப்புறம்தான் திட்டு வந்தது. அந்தக் குமிழி வராமல் இருந்தால் சிரித்திருக்க மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் கூட்டத்தைக் கூட்டிப்போகிற பெலிக்ஸ் தம்பியிடம் நடந்ததைச் சொன்னேன். பேங்கில் வேலை பார்க்கிற பிள்ளை, பொறுமையானவர். "பெரியப்பா, நீங்க போட்டது டியூப் டயரு. அது சக்கரத்து வட்டையை இறுக்கிப் பிடிக்காது. அதுக்குள்ள மாவை ஊத்திப் பாறை மாதிரி காத்தும் அடிச்சிருக்கிய. மாவு புளிச்சு உள்ள ஊதிருக்கு. வெடிக்காம என்ன செய்யும்?" என்றார். புளிக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மில்லில் கஞ்சி அன்றன்றைக்கே நூலில் ஏறிவிடும்.

டியூப் இல்லாத டயர் எனக்கு ஏன் வேண்டும் என்று நீ கேட்கவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன். கண்மாய்க் கரை முழுக்கச் சீமைக் கருவேல முள். டியூப்பில் ஒட்டுக்கு மேல் ஒட்டுப் போட்டு அது சொறி பிடித்த நாய் மாதிரி ஆகிவிட்டது. டியூப் இல்லாத டயரில் முள் குத்தினால், உள்ளே இருக்கிற பால் ஓடி வந்து ஓட்டையில் உறைந்துவிடுமாம். வண்டியை நிறுத்தவே வேண்டாம். காற்றையும் மெத்தென்று வைத்துக்கொள்ளலாம். சரளையில் முதுகு குலுங்காது.

கரையில் நிறுத்துவதைப் போல ஒரு கொடுமை கிடையாது. கோழிக் கடைக்காரர்கள் கழிவைச் சாக்கோடு கொண்டுவந்து அங்கேதான் கொட்டுகிறார்கள். சாக்கு வாயில் கோழிக் கால் நீட்டிக்கொண்டு இருக்கும். தண்ணீரில் பிள்ளைகளுக்குக் கட்டுகிற டயாப்பர் ஊறி உப்பி மிதக்கும். போன மாசம் பஞ்சர் ஆகி நின்ற இடத்தில் செத்த பன்றி கிடந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒட்டுப் போட்டேன். பாதை மலையடிவாரத்துக்குத் திரும்பிய பிறகுதான் வாயைத் திறந்தேன். அங்கே ஒரு வாடையும் இல்லை, சீனி. அதற்காகத்தான் போகிறேன்.

இப்போது விஷயம். நம் சக்கரத்துக்குச் சேருகிற டயர் மூன்று வகை இருக்கிறது. ஒன்று நடுவில் வழுவழுப்பு, ஓரத்தில் மட்டும் பற்கள். அடுத்தது நடுவில் சின்னப் பற்கள் நெருக்கமாக, ஓரத்துக்குப் போகப் போக இடம் விட்டு இருக்கும். இதைத்தான் எல்லாத் தரைக்கும் என்கிறார்கள். கடைசி வகையில் எருமைப் பல் மாதிரி பெரிய பெரிய பற்கள். மூன்றும் ராஜபாளையத்தில் அழகுராஜா கடையில் இருக்கிறதாம். உன் தங்கை வீட்டிலிருந்து நடக்கிற தூரம்தான். நீ ஒரு தடவை போய் அழுத்திப் பார்த்துச் சொல்வாயா? துணியாக இருந்தாலும் தேங்காயாக இருந்தாலும் உன் கை பொய் சொல்லாது.

காசிராஜன்


ராஜபாளையம்
21.8.2025

வன்னியம்பட்டியில் இருப்பவருக்கு,

குமிழி வந்ததாம், அதனால் சிரித்தாராம். இதை எழுதி, ஒட்டி, தபாலில் வேறு அனுப்பியிருக்கிறீர்கள்.

டயர் கடைக்கு நான் போக மாட்டேன். அதற்கு வேறு ஆளைப் பாருங்கள்.

இங்கே நான் படுகிற பாட்டை நீங்கள் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் எழுதுகிறேன், உங்களிடமிருந்து கற்றுக்கொண்டதுதான். வெங்கடேஸ்வரி வீட்டுக்காரர் சமுத்திரம் ஒரு நாய் வளர்க்கிறார். இந்த ஊர்ச் சாதி நாய், வெள்ளை வெளேரென்று குதிரைக்குட்டி உயரம். அழகுதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அவர் தயிர்ச்சோற்றைப் பிசைந்து பாதியை நாய்க்குத் தட்டிலேயே ஊட்டுகிறார். அது நக்கி முடித்ததும் மிச்சத்தை அவர் சாப்பிடுகிறார். அதே தட்டில். வெங்கடேஸ்வரி பார்த்துக்கொண்டே ரசம் ஊற்றுகிறாள். நான் ஒரு வாரமாக அடுப்படியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுகிறேன்.

நேற்று மருந்துக் கடைக்குப் போனேன். வழியில் அந்த அழகுராஜா கடை. மழை தூறியதால் ஒதுங்கினேன். உள்ளே ஒரே புது ரப்பர் வாடை. "ஆச்சி, எந்த வண்டிக்குப் பாக்கிய?" என்று அழகுராஜா கேட்டான். "வண்டிக்கு இல்ல ராசா, ஒரு கோட்டிக்காரருக்கு" என்றேன்.

சேலைத் தலைப்பில் ஒரு கருவேல முள் வைத்திருந்தேன். எப்படியோ ஒட்டிக்கொண்டு வந்தது. அதை மூன்று டயரிலும் குத்திப் பார்த்தேன். "ஆச்சி, ஆச்சி, விக்கிற சரக்கு" என்று ஓடி வந்தான். மூன்றிலும் முள் இறங்குகிறது. முள் இறங்காத டயரை எவனும் செய்யவில்லை. முள் குத்துகிற ஓட்டையைப் பால் அடைத்துவிடும், பக்கத்துச் சுவர் கல்லில் கிழிந்தால்தான் எந்தப் பாலும் நிற்காது என்று அவனே சொன்னான். அந்தப் பக்கச் சுவரை மடித்துப் பார்த்தேன். நடுவில் வழுவழுப்பாக இருக்கிறதே, அதன் பக்கச் சுவர் பொரிக்காத அப்பளம் மாதிரி மடிகிறது. அது தார் ரோட்டில் துரைமார் ஓட்டுவதற்கு. உங்களுக்கு வேண்டாம்.

மற்ற இரண்டும் தடிப்பாக இருக்கின்றன. எருமைப் பல்லைப் பார்த்தால் உங்களுக்கு ஆசை வரும் என்று தெரியும். அது நம் கரிசலுக்கு ஆகாது.

மழை விட்டதும் வந்துவிட்டேன்.

சீனியம்மாள்


வன்னியம்பட்டி
29.8.2025

சீனிக்கு,

உன் கடிதத்தை வாசித்துவிட்டு வெளியே வந்து தெருவில் கொஞ்ச தூரம் நடந்தேன். வீட்டுக்குள் இருக்க முடியவில்லை, அவ்வளவு சந்தோஷம். முள்ளோடு போயிருக்கிறாய். பெலிக்ஸ் தம்பியிடம் சொன்னேன். அவர் கூட்டத்தில் எல்லாரிடமும் சொல்லிவிட்டார்.

ஆனால் எருமைப் பல் ஆகாது என்று நீ எழுதியதை நான் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. பல் பெரிதாக இருந்தால் மண்ணைப் பிடிக்கும், வழுக்காது என்று நினைத்தேன். பெலிக்ஸ் தம்பியிடம் அப்படி ஒரு சக்கரம் சும்மா கிடந்தது. இரவல் வாங்கி மாட்டினேன். திங்கட்கிழமை மழைக்கு மறுநாள் கண்மாய்க் கரைக்குப் போனேன்.

தார் ரோட்டில் வண்டு மாதிரி ஊய் என்று சத்தம். மிதிக்க மிதிக்க யாரோ பின்னால் இழுக்கிற மாதிரி இருந்தது. அதுகூடப் பரவாயில்லை. கரையில் ஏறியதும் கரிசல் ஒட்ட ஆரம்பித்தது. பல் இவ்வளவு உயரம், அதற்கு மேல் மண், அதற்கு மேல் சக்கரத்தைப் பிடித்திருக்கிற கவை. நடுவில் இடமே இல்லை. சக்கரம் நின்றுவிட்டது. இறங்கிக் குச்சியால் நோண்டினேன். வெறும் மண்ணாக இருந்தால் சும்மா எழுதுவேனா? கோழி இறகு, கோழிக் குடல், யார் தலையிலிருந்தோ வெட்டிப்போட்ட மயிர், பாலிதீன் பை, எல்லாம் கரிசலோடு பிசைந்து கொழுக்கட்டை மாதிரி அடைத்திருந்தது. கடைசிக் கொழுக்கட்டையை உடைத்தேன். அதற்குள்ளிருந்து ஒரு கோழிக் கண் என்னைப் பார்த்தது.

சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வழியெல்லாம் அது முதுகில் ஒழுகியது. சோப்புப் போட்டும் போகாமல் சீயக்காய் போட்டேன். ராத்திரி சோறு இறங்கவில்லை. கண்ணை மூடினால் அந்தக் கண்.

அதனால் எருமைப் பல் வேண்டாம். நீ சொன்னதை அன்றிலிருந்து ஒத்துக்கொள்கிறேன்.

இன்னும் ஒரு வயிற்றெரிச்சல். இந்த வயதில் வாசிக்கக் கற்றிருக்கிறேன். ஆசையாக டயரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சுற்றிலும் எழுத்துதான். ஒன்றுகூடத் தமிழ் இல்லை. நம் ரோட்டில், நம் மண்ணில், நம் கோழிக் குடலில் ஓடுகிற டயர். ஒரு "காற்று" என்றாவது தமிழில் போட்டிருக்கக் கூடாதா?

இரண்டாவது டயரில் என்ன அகலம் வாங்கலாம்? நாற்பது மில்லிமீட்டர், நாற்பத்தைந்து என்று இரண்டு இருக்கிறதாம். அகலம் கூடினால் மெத்தென்று இருக்கும் என்கிறார்கள்.

காசிராஜன்


ராஜபாளையம்
6.9.2025

வன்னியம்பட்டியில் இருப்பவருக்கு,

உங்கள் கடிதத்தைச் சாப்பிடுவதற்கு முன்னால் வாசித்துவிட்டேன். அன்றைக்குச் சோறு போயிற்று. வெங்கடேஸ்வரிக்கும் வாசித்துக் காட்டினேன். அவளுக்கும் போயிற்று. சமுத்திரம் மட்டும் நாயோடு நன்றாகச் சாப்பிட்டார்.

நாற்பத்தைந்து வேண்டாம். கவையில் இடம் இல்லை என்று நீங்களே எழுதிவிட்டு அகலத்தைக் கூட்டலாமா என்று கேட்கிறீர்கள். டயரைச் சுற்றி ஒரு விரல் போக வேண்டும். உங்கள் விரல் இல்லை, என் விரல். நாற்பதே போதும்.

அழகுராஜாவிடம் போய் நடுவில் நெருக்கமாகவும் ஓரத்தில் இடம் விட்டும் பல் இருக்கிறதே, அந்த ஜோடியைத்தான் எடுத்தேன். அவன் புதிதாக வந்தது என்று பழுப்புப் பக்கச் சுவர் வைத்த ஒன்றைக் காட்டினான். பார்க்க லட்சணம், மடித்தால் அப்பளம். வேண்டாம் என்றேன். "ஆச்சி, நீங்க கடையில வந்து உக்காந்திருங்க, நான் வீட்டுக்குப் போறேன்" என்றான். பாலும் ஒரு சீசா வாங்கியிருக்கிறேன். வெயில் காலத்தில் இரண்டு மாசத்துக்குள் உள்ளே வற்றிவிடுமாம், திறந்து பார்த்து ஊற்ற வேண்டுமாம். மூடியைத் திறந்து மோந்து பார்த்தேன். மாட்டு மூத்திரத்தில் மீன் கழுவியது போல் இருக்கிறது. உங்கள் கஞ்சிக்கு அக்காள்தான். ஆனால் இது புளிக்காதாம்.

எல்லாவற்றையும் கட்டி வன்னியம்பட்டிக்கு வருகிற ஆள் மூலம் அனுப்புகிறேன். இனி டயரைப் பற்றிக் கேட்க ஒன்றும் இல்லை என்று நினைக்கிறேன்.

பல் எவ்வளவு, அகலம் எவ்வளவு, பக்கச் சுவர் எப்படி என்று எத்தனையோ கேள்வி கேட்டுவிட்டீர்கள். என்னிடம் கேட்க வேண்டியது ஒன்று பாக்கி இருக்கிறது. அது டயரைப் பற்றியது இல்லை.

சீனியம்மாள்


வன்னியம்பட்டி
14.9.2025

சீனிக்கு,

டயர் வந்தது. மடித்த பாய் மாதிரி இருந்தது. பிரித்ததும் உன் கை பட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

பெலிக்ஸ் தம்பி கூட வந்தார். லாரி டயர்க் கடையில் வைத்து மாட்டினோம். கை பம்பில் ஏறாது, மெஷின் காற்றுதான் வேண்டுமாம். வட்டைக்குள் நாடா ஒட்டி, டயரை மாட்டி, காற்றைத் திறந்தார். டப் என்றது. நான் தூணுக்குப் பின்னால் போய்விட்டேன். இன்னொரு தடவை டப் என்றது. "பெரியப்பா, இது வெடிக்கல, வட்டையில போயி உக்காருது. வெளிய வாங்க" என்றார். நான் வருவதற்குச் செத்த நேரம் ஆயிற்று.

பிறகு பாலை ஊற்றினோம். நீ எழுதியது சரி. ஒரு சொட்டு மீசையில் பட்டுவிட்டது. ரப்பராக உறைந்து வர மாட்டேன் என்கிறது. அந்தப் பக்கத்து மீசையைக் கத்தரித்துவிட்டேன். பிறகு இந்தப் பக்கத்தையும் எடுத்துவிட்டேன். முகம் யாருடையதோ மாதிரி இருக்கிறது.

டயர் நன்றாக ஓடுகிறது. தாரில் சத்தம் இல்லை. சரளையில் தண்ணீர் மேல் போகிற மாதிரி போகிறது. வளைவில் ஓரத்துப் பல் பிடித்துக்கொள்கிறது. முள் குத்திக் குத்திப் பார்த்தேன், நிற்கவே இல்லை.

கேட்க வேண்டிய கேள்வி ஒன்று பாக்கி என்று எழுதியிருந்தாய். அதை யோசித்துக்கொண்டே இருந்தேன். பானையைப் பற்றித்தானே? அடியில் பிடித்திருந்த கஞ்சியைச் சுரண்டி எடுத்தேன். எடுக்கும்போது எனக்கு வாந்தி வந்தது. புளி போட்டுத் தேய்த்து, ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கொண்டுபோய் ஈயம் பூசி வைத்திருக்கிறேன். முகம் தெரிகிறது. உன் பட்டுச் சேலையையும் சலவைக்குக் கொடுத்தேன். கறை போய்விட்டது. வாடை போயிற்றா என்று நீதான் சொல்ல வேண்டும்.

வருகிற சனிக்கிழமை புரட்டாசி முதல் சனி. அன்றைக்குக் கரைப் பாதையிலேயே சைக்கிளில் ராஜபாளையத்துக்கு வருகிறேன். நீ எடுத்துக் கொடுத்த டயரை நீ பார்க்க வேண்டாமா? புது வேட்டி கட்டிக்கொண்டு வருகிறேன்.

காசிராஜன்


வன்னியம்பட்டி
22.9.2025

சீனியம்மாளுக்கு,

இந்தக் கடிதத்தில் சந்தோஷமாக ஒன்றும் எழுதப்போவதில்லை.

கரையில் உடைந்த பாட்டில் கிடந்தது எனக்குத் தெரியாது. முள்ளுக்குப் பழகிய டயர்தான், கண்ணாடி கொஞ்சம் பெரிய ஓட்டை போட்டுவிட்டது. ஓட்டை அடைகிறவரைக்கும் பால் மேலே பீய்ச்சும் என்பதும் தெரியாது. அது முதுகில் அடித்தது, பிடரியில் அடித்தது, புது வேட்டியில் அடித்தது. அதன் மேல் கரைப் புழுதி. அதன் மேல் இறகு. அந்தக் கோலத்தில்தான் உன் தங்கை வீட்டு வாசலில் வந்து நின்றேன்.

நீ வெளியே வந்தாய். என்னைப் பார்த்தாய். தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். நான் பேச வாயைத் திறக்கும்போதெல்லாம் சிரித்தாய். வெங்கடேஸ்வரி சிரித்தாள். சமுத்திரம் சிரித்தார். அவர் நாய் வந்து என் முதுகை நக்கியது. மோந்து பார்த்துவிட்டு நக்கியது. எறும்புக்கு இருந்த கூச்சம்கூட அதற்கு இல்லை.

"மீசையைக் காணும், ஆளு பொம்பளப்பிள்ள மாதிரி இருக்காக" என்றாய். தெருவே கேட்டது.

தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பி வந்தேன். சிரித்தது உனக்கு நியாயமாகப் பட்டால் எனக்கு ஒன்றும் சொல்வதற்கு இல்லை.

காசிராஜன்


ராஜபாளையம்
27.9.2025

வன்னியம்பட்டியில் இருக்கும் அவியளுக்கு,

நான் சிரித்தது உண்மை. நீங்கள் நினைக்கிற காரணத்துக்காக இல்லை. நீங்கள் வாயைத் திறந்தபோது ஓர் இறகு உள்ளே போய்விட்டு வெளியே வந்தது. அந்த இறகு வராமல் இருந்தால் சிரித்திருக்க மாட்டேன்.

இப்போது எப்படி இருக்கிறது? ஆடிப்பூரத்தன்று எனக்கு எப்படி இருந்தது என்று தெரிகிறதா? அது போகட்டும். அந்தக் கணக்கு முடிந்தது. அன்றைக்கு ராத்திரி படுத்துக்கொண்டும் சிரித்தேன். அதற்குப் பிறகு அழுதேன்.

ஏன் அழுதேன் என்று எழுதுகிறேன். நீங்கள் வருகிறேன் என்று எழுதியதும் என் துணிமணியை எல்லாம் எடுத்துப் பையில் வைத்தேன். வெங்கடேஸ்வரியிடம், "இன்னைக்கு அவிய வாராக, நான் போயிருவேன்" என்று சொன்னேன். விடிந்ததிலிருந்து பை கதவுக்குப் பின்னால் இருந்தது. நீங்கள் அந்த அசிங்கத்தோடு வந்து நின்றீர்கள். நான் சிரித்து ஓய்ந்து, கண்ணைத் துடைத்துவிட்டு, என்ன சொல்லப்போகிறீர்கள் என்று உங்கள் வாயைத்தான் பார்த்தேன். நீங்கள் சக்கரத்தைத் தூக்கிக் காட்டி, "ஓட்டை அடைச்சிருச்சு பாத்தியா" என்றீர்கள்.

இத்தனை கடிதத்தில் வெண்கலப் பானையை எழுதினீர்கள், பட்டுச் சேலையை எழுதினீர்கள், கோழிக் கண்ணை எழுதினீர்கள். வீட்டுக்கு வா என்று எழுதவில்லை. முள்ளிலும் குப்பையிலும் அத்தனை தூரம் மிதித்து வந்தும் அதைச் சொல்லவில்லை. நான் இங்கே இருப்பது உங்களுக்கு நல்லதாகப் போயிற்று என்று முதல் கடிதத்தில் எழுதினீர்களே, அது மெய்தானோ என்று நினைத்தேன்.

பை இன்னும் கதவுக்குப் பின்னால்தான் இருக்கிறது. நேற்று அதன் மேல் நாய் படுத்திருந்தது.

சீனியம்மாள்


வன்னியம்பட்டி
1.10.2025

சீனிக்கு,

பை இருந்த இடத்தைப் பற்றி நீ எழுதிய வரியை விரல் வைத்து வாசித்தேன். வேகமாக வாசிக்கத் தெரியாதது நல்லது. ஒவ்வொரு வார்த்தையும் தனித்தனியாக வந்து குத்தியது.

நீ சந்தேகப்பட்டதில் கொஞ்சம் மெய் இருக்கிறது. நீ வீட்டுக்கு வந்துவிட்டால் யாருக்கு எழுதுவது என்று எனக்கு உள்ளே ஒரு நினைப்பு ஓடிக்கொண்டிருந்தது. தபால்காரர் வருகிற நேரத்துக்குச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். நீ திட்டி எழுதினாலும் அது எனக்கு வந்த கடிதம். அந்த ருசியில், நாய் நக்கிய தட்டைப் பார்க்காமல் இருக்க நீ சுவரைப் பார்த்துச் சாப்பிடுவதை மறந்துவிட்டேன். அதை இப்போது நினைத்தால், கோழிக் கண்ணும் புளித்த கஞ்சியும் ஒன்றுமே இல்லை. என் மேலேயே எனக்குக் குமட்டுகிறது.

நடு வீட்டு ஆணியைப் பிடுங்கிவிட்டேன். ஆணி இருந்த ஓட்டையைச் சிமெண்டால் அடைத்திருக்கிறேன். கஞ்சியால் இல்லை. சைக்கிள் வெளியே சாய்ப்பில் நிற்கிறது. கதவு ஜன்னல் எல்லாம் திறந்து வைத்திருக்கிறேன்.

வருகிற சனிக்கிழமை பஸ்ஸில் வருகிறேன். சுத்தமான வேட்டி. மீசை கொஞ்சம் முளைத்திருக்கிறது. வாசலுக்கு வந்ததும் முதலில் பையைத்தான் தூக்குவேன். வருகிற வழியில் இறங்கி, ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்தில் இருக்கிற நம் திருவண்ணாமலைப் பெருமாளைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போவோம். அடுத்த ஆடிப்பூரத்துக்கு உன்னோடு நானும் வடம் தொடுகிறேன்.

டயரைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டேன்.

வீட்டுக்கு வா, சீனி.

காசிராஜன்

பின்குறிப்பு: அந்தக் கண்ணாடி போட்ட ஓட்டை இன்றுவரைக்கும் அடைத்தபடியே இருக்கிறது. சொட்டுக் காற்று இறங்கவில்லை. இது பேச்சு இல்லை, எழுத்து.